வெள்ளைப் பட்டை

வடதுருவத்துப் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை, மலைச்சரிவின் பனிப்பாறையைத் துளைத்து ஆழம் அளப்பது. காசிமேட்டு அமலிதா உருவியெடுத்த பனித்துண்டில் முழத்துக்கு ஒன்றாக வெள்ளைப் பட்டைகள் தெரிந்தன. அவள் அப்பா முப்பது வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் பார் தள்ளியவர். தகர அச்சில் உறைய வைத்த ஐஸ் பாருக்குத்தான் நடுவயிறு அப்படி வெளுத்திருக்கும்.

"இது மெஷின் ஐஸுண்ணா. வெறும் பாறை மேல அடுக்கி வெச்சிருக்காங்க."

நாகர்கோவில்காரனான சீனியர் ஜெரின் நிமிரவேயில்லை. "பனி உருகி நாலு வருஷமாச்சு. அளக்க ஏதாச்சும் வேண்டாமா? பேசாம எழுது மக்கா. நாங்க எல்லாரும் அப்படித்தான் பாஸானோம்."

"இந்தக் கணக்கைக் காட்டித்தானே எங்க குப்பத்துக்கு மாத்து வீடு இல்லன்னு கவர்மென்ட்ல சொன்னாங்க. பனி அப்படியே இருக்குதாம், கடல் ஏறாதாம்."

"அதுக்கு உன்னால என்ன செய்ய முடியும்?"

பனியின் ஆழம் என்ற கட்டத்தில் அமலிதா தாள் கிழியுமளவுக்கு அழுத்தி, சைபர் போட்டாள்.

"ஃபெயிலாக்கி ஊருக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். நீ பாஸான கணக்குலதான் எங்கம்மா தண்ணிக்குப் பயந்து கட்டில் மேல அடுப்பு வெச்சு ஆக்குது."