சந்தனப் பொட்டு

நாலு கிலோமீட்டர் போனால் என் பழைய பைக் நின்றுவிடும். இன்று சரியாகாவிட்டால் காயலான் கடைதான் என்று மனைவி எழிலரசி சொல்லிவிட்டாள். பழைய வண்டிகள் சங்கத் தலைவர் தாமோதரன், இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியபின், "இஞ்சினையே இறக்கணும்" என்று தீர்ப்பளித்தார். மெக்கானிக் செல்வராணி பெட்ரோல் டேங்க் மூடியைத்தான் திறந்தாள். 'உஸ்' என்று டேங்க் பெருமூச்சு விட்டது. "ஆயுத பூசைக்கு மூடியில சந்தனம் வெச்சிருக்கீங்க சார், காத்து ஓட்டை அடைச்சுடுச்சு. காத்து போகலன்னா பெட்ரோல் எப்படி கீழ எறங்கும்?" துளையை ஊசியால் குத்தினாள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன், நிற்கவேயில்லை. காயலான் கடைக்காரரை வரவேண்டாம் என்று எழிலரசியே சொல்லிவிட்டாள். தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்த ஊசியக் குடும்மா. சங்கத்துல மீதிப் பத்து வண்டிக்கும் நான்தான் சந்தனம் வெச்சேன்."