மூன்று தடவை குரல்

ஏவுகணை கிளம்ப வேண்டுமானால், குலுக்கலில் வரும் ஒரு வாக்காளரின் பெருவிரல் ரேகை வேண்டும் என்பது நாட்டின் சட்டம். அன்று வந்தது, சாத்தூர் பட்டாசு ஆலைத் தொழிலாளி முத்துப்பேச்சியின் பெயர்.

செல்போனுக்கே அனுமதியில்லாத ஆலை என்பதால், தளபதி தேவசகாயம் வாசலிலேயே நின்று கருவியை நீட்டினார். எதிரி பிடித்துக்கொண்ட நம் தீவைத் தகர்க்க வேண்டும்.

"ஓட்டு கேக்காமலே பிரதமர் ஆயிட்டியே மதினி," என்றாள் கூட வந்த செல்லக்கனி.

முத்துப்பேச்சி மருந்து படிந்த கையைத் துடைத்துக்கொண்டாள். "அங்க ஆள் இருக்கான்னு கேட்டீகளாய்யா?"

"எதுக்கும்மா கேக்கணும்? உலகத்துலயே பெரிய ராணுவம் நம்மளோடது."

"இங்க ஒத்த வெடியைச் சோதிக்கணும்னாலும் மூணு தடவை குரல் குடுத்துட்டுத்தான் பத்த வைப்போம். நீங்களும் குடுங்க. அப்புறம் விரல் வைக்கேன்."

ரேகை அவளுடையது. தளபதிக்கு வேறு வழியில்லை. உலகத் தொலைக்காட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, தீவைச் சூழ்ந்த இருநூறு போர்க்கப்பல்களின் ஒலிபெருக்கிகள் ஒன்றாகக் கேட்டன: "யாராவது இருக்கிறீர்களா?"

இரண்டு முறை அலைச் சத்தம் மட்டுமே வந்தது. மூன்றாம் முறை, தளபதியின் கருவியில் எதிரியின் பதில் தமிழாகி ஒலித்தது.

"இருக்கிறோம். நானூற்றுப் பத்துப் பேர். சுடாதீர்கள், வெளியேறுகிறோம்."

உலகத்தின் மிகப் பெரிய படை முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றது.

"எல்லாரும் வெளிய வரட்டும்யா," என்றாள் அவள். "அதுவரைக்கும் ஒருத்தரும் தீப்பெட்டியத் தொடக்கூடாது."