பிடியை விட்டவன்

"கதவைத் திறக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்," என்றாள் தாமரைச்செல்வி.

செம்பியன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டில் மிச்சமிருந்த சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். தெருமுனையில் ஆட்களின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்த மனுஷனுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பத்து வருஷமாகக் கூண்டுச் சண்டையில் செம்பியனை ஜெயித்த ஆள் கிடையாது. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். முடியவில்லை என்றால் மாட்டிக்கொண்டவன் கையால் தட்ட வேண்டும், தட்டினால் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அந்தச் சண்டை. செம்பியனின் கழுத்துப் பிடியில் சிக்கியவன் எவனும் தட்டாமல் தப்பியதில்லை. மண்டபத்தூருக்குள் நுழைந்தாலே இடுப்பில் பெல்ட்டோடு அவன் சிரிக்கிற பேனர்தான் முதலில் கண்ணில் படும்.

எல்லாம் போன வாரம் வரைக்கும்தான்.

பாண்டியில் நடந்தது அவனுடைய கடைசிச் சண்டை. ஜெயித்துவிட்டு, தோல்வியே பார்க்காத மனுஷனாக ஓய்வு பெறப்போகிறான் என்று ஊரே வேன் பிடித்துப் போனது. எதிராளி காரைக்கால் டவுன் பையன் காஜா நஜ்முதீன். அவன் கழுத்து செம்பியன் கைக்குள் வசமாக மாட்டியதும், கதை முடிந்தது என்று எல்லோரும் விசிலடித்தார்கள். அப்போது பார்த்து செம்பியன் பிடியை விட்டுவிட்டான். விட்டதோடு, காஜாவின் முகத்தையே பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தான். காஜா எழுந்து விட்ட ஒரே குத்தில் ஆள் மல்லாந்தான்.

காசு வாங்கிக்கிட்டுச் சண்டையை வித்துட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பேனரைக் கிழித்தார்கள். மீன் விற்கும் பெண்கள் தாமரைச்செல்வியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நேற்று சாயங்காலம் சன்னலில் கல் வந்து விழுந்தது.

இத்தனை வருஷமும் அவனுக்குக் கை கால் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள் அவள். இந்த ஒரு வாரமாக வேறொரு பயம் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. ஊர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்?

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"என்னங்க, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பையன் தட்டுனானா?"

"தட்டல."

"அப்ப உங்க கை வழுக்கிடுச்சா?"

"இல்ல. நாந்தான் விட்டேன்."

"ஏங்க?"

அவன் எழுந்து கை கழுவப் போனான்.

வாசலில் கேட் தடதடத்தது. அவள் தடுக்கத் தடுக்க அவன் போய்க் கதவைத் திறந்தான். படிக்குக் கீழே இருபது முப்பது பேர் நின்றார்கள். முன்னால் நின்றவன் ரஞ்சித்குமார். செம்பியனிடமே சண்டை பழகியவன், இப்போது கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் கையில் கடப்பாரை இருந்தது.

"அண்ணே, பயிற்சிக்கூடத்து போர்டுலேர்ந்து உங்க பேரைப் பேத்தெடுக்கப்போறோம். அதுக்கு முன்னாடி ஒன்னு கேக்கணும்."

"கேளு."

"அந்தப் பிடி எனக்கும் நீங்க சொல்லிக்குடுத்ததுதான். அதுலேர்ந்து எவனாலயும் நழுவ முடியாது. காஜா தட்டவும் இல்ல. நீங்களாத்தானே விட்டீங்க?"

இல்லைன்னு சொல்லிடுங்களேன், ஒரு பொய்தானே, என்று தாமரைச்செல்வி உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"ஆமா. நானாத்தான் விட்டேன்."

கூட்டம் கொதித்துப்போனது. எவனோ கேட்டை எட்டி உதைத்தான். இன்னொருத்தன் செங்கல்லைத் தூக்கினான். தாமரைச்செல்வி புருஷனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை. இன்றைக்கு இந்த வாசலிலேயே இவரைக் கொன்றுவிடுவார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் காஜாவின் அம்மா மெஹர் பானு. சண்டையன்று கூண்டுக்கு ஒட்டினாற்போல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், அதனால் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது.

"வழி விடுங்கடா. செஞ்ச உதவிக்கு நன்றி சொல்ல வந்திருக்காங்க," என்று ஒருத்தன் நக்கலடித்தான்.

தாமரைச்செல்விக்குப் பாதி உயிர் போய்விட்டது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றவா இந்த அம்மா இவ்வளவு தூரம் வர வேண்டும்?

மெஹர் பானு படியேறி, செம்பியன் பக்கத்தில் வந்து நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எம்மவன் ஜெயிச்சுட்டான்னு டவுனே தூக்கி வச்சு ஆடுது. அந்தச் சந்தோஷத்துல நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். நேத்து இந்த வீட்டுல கல்லு விழுந்துச்சுன்னு கேட்டதுலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கலப்பா."

"வேணாம்மா," என்றான் செம்பியன். கல்லுக்கும் கடப்பாரைக்கும் பதறாதவன் இப்போது பதறினான். "பையனுக்கு இப்பத்தான் பேரு வருது. அவனுக்கே தெரியாது. சொல்லாதீங்க."

"நீங்க சும்மா இருங்க தம்பி." அவர் ரஞ்சித்குமார் பக்கம் திரும்பினார். "தட்டாதவனை ஏன் விட்டாருன்னுதானே கேக்குறீங்க? எம்மவன் நெனவு தப்பிக் கை தொங்கிக் கெடந்தான், அவன் எங்கேர்ந்து தட்டுறது? நடுவரு அந்தப் பக்கம் நின்னாரு, அவருக்குத் தெரியல. இவரு விட்டதும் பையனுக்கு நெனவு திரும்பிடுச்சு. அவ்வளவு பெரிய கூட்டத்துல அதைக் கண்டது ரெண்டே பேரு. ஒருத்தி, பெத்தவ நான். இன்னொருத்தரு, அவன் கழுத்தைப் பிடிச்சிருந்த இவரு."