அந்தக் கால் இன்னும் பாக்கி

வாசல் கதவைத் திறந்து வைத்து, தரையில் மல்லாந்து படுத்து, இடது குதிகாலை நிலையில் தூக்கிச் சாத்தினேன். வலது கால் வாசலைத் தாண்டி வெளியே நீண்டு கிடந்தது.

கீழே தெருவில் மாப்பிள்ளையின் கார் ஹாரன் அடித்தது.

மகள் என் தலைமாட்டில் நின்றாள். அவளுடைய பை அவள் அப்பா கையில். பெற்ற மகளைத் திருப்பி அனுப்புவதில் இந்த மனிதருக்கு அப்படியொரு சுறுசுறுப்பு.

"இப்பவா? இந்த இடத்துலயா?" என்றார்.

பின்னே எங்கே? பிசியோதெரபிக்காரப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், கதவு நிலைதான் தோது என்று. கேண்டீன் அடுப்படியில் நின்று நின்று தேய்ந்த முட்டி இது. தொடையின் பின்பக்கம் இறுகிப்போனால் பாரமெல்லாம் முட்டியின் தலையில்தான் விழுமாம். அதனால் காலை நிலையில் சாத்தி, முட்டியை முடிந்த மட்டும் நீட்டி, தொடைக்குப் பின்னால் இழுக்கும்போது அப்படியே அரை நிமிஷம் இருக்க வேண்டும். உதறக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது.

கோபத்தை அடக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது.

தினமும் உள்ளறைக் கதவில்தான் செய்வேன். வாசலுக்கு வந்தது இன்றுதான்.

மறுபடியும் ஹாரன். இவருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. எங்கேயாவது ஒரு வண்டி காத்து நின்றால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. மகள் பிறந்த அன்று, டாக்சி நிற்கிறது என்று பச்சைக் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஓடிய மகானுபாவர்.

"வண்டி நிக்குதுடி. எழுந்திரு."

"அந்தக் கால் இன்னும் பாக்கி இருக்கு" என்றேன்.

எழுந்திருக்க மாட்டேன். யார் வந்து சொன்னாலும் மாட்டேன். நான் எழுந்தால் அவள் போய்விடுவாள்.

மகள் வந்து எத்தனை நாளாயிற்று! ஏன் வந்தாய் என்று இவர் ஒரு வார்த்தை கேட்டாரா? மூச். எப்போது போகிறாய் என்று மட்டும் கேட்டார். புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை வரத்தான் செய்யும் என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார். நேற்று மாப்பிள்ளையின் போனை இவரே எடுத்து, காலையில் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று டைமும் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளாவது வாயைத் திறந்து போக மாட்டேன் என்று சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டாள். ராத்திரியே பையைக் கட்டி வைத்துவிட்டாள். அந்த வாயைத் தைத்துத்தான் பெற்றேனோ என்னவோ.

என் காலைத் தாண்டினால் போய்விடலாம். தாண்ட அவளுக்கு மனசு வரவில்லை. தாண்டச் சொல்ல இவருக்குத் தைரியம் வரவில்லை.

தொடை சுரீரென்று இழுத்தது. விடவில்லை.

"நீயும் படுடி. கூட நீ செஞ்சாத்தான் எனக்குச் சரியா வருது. முடிச்சிட்டு அப்புறம் போ."

வந்த நாளிலிருந்து அவள்தான் எனக்குத் துணை. உள்ளறைக் கதவைத் திறந்து வைத்து, ஒரு நிலையில் நான், எதிர் நிலையில் அவள். எனக்கு முட்டி வலி, அவளுக்கு என்ன வந்தது என்று இவர் கூடத்திலிருந்து நக்கல் அடிப்பார்.

மகள் என்னையே பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் வந்து படுத்து, காலைத் தூக்கி நிலையில் சாத்தினாள்.

மற்ற நாளெல்லாம் அந்தத் தொளதொளப் பேண்டின் நுனியைக் கைவிரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் காலைத் தூக்குவாள். ஒரே ஒரு நாள் பிடி நழுவியிருக்கிறது.

இன்று அந்தக் கை தரையில் சும்மா கிடந்தது.

துணி வழுக்கிக்கொண்டு தொடை வரைக்கும் இறங்கியது.

கணுக்காலிலிருந்து முட்டிக்கு மேலே வரை பட்டை பட்டையாக அடி கன்றிய தடங்கள். பழையவை மஞ்சளாகப் பழுத்திருந்தன. புதியவை இன்னும் கறுப்பாகவே இருந்தன. ஒன்றின் முனையில் பெல்ட் பக்கிளின் சதுரம் அச்சுக் குத்தியது போல் விழுந்திருந்தது.

பை தொப்பென்று என் காதோரம் விழுந்தது.

பார்க்கட்டும். நன்றாகக் கண்ணைத் திறந்து பார்க்கட்டும். இந்த மனிதருக்குக் கண்ணால் பார்த்தால்தானே வலிக்கும்.

அப்பாவிடம் சொல்லவே கூடாது என்று பிடி நழுவிய அன்றே மகள் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் சொல்லவில்லை.

கீழே ஹாரன் விடாமல் அலறியது. இவர் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. எங்கள் தலைமாட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அது இரண்டு தரம் வெளியே விழுந்தது.

மகள் அவசரமாகக் காலை இறக்கப் போனாள்.

"இரும்மா" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "அந்தக் கால் இன்னும் பாக்கி இருக்குல்ல. மெதுவா பண்ணு. வண்டி நிக்கட்டும்."