தலை குனிந்து, கண் மூடி

"கிரீம் பிஸ்கட் எங்கே?"

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் சபைக் கமிட்டித் தலைவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். தொடக்க ஜெபம் அவருடையது, பதினோரு நிமிடம். மேசை நடுவே இருந்த தட்டில் உப்பு பிஸ்கட் மட்டும் கிடந்தது.

மணியக்கா சுவரோரம் நின்றிருந்தாள். கோயில் மணியடிப்பதும் தரை துடைப்பதும் அவள் வேலை என்பதால் வந்த பெயர் அது.

"வெச்சேங்க ஐயா. நீங்க ஜெபம் பண்ணிட்டிருக்கும்போதே எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சேன்."

"பாக்கெட்டை உன் கையில குடுத்தவன் நான். வெச்சது எங்க போச்சு? உயிரோட பரலோகத்துக்கு எடுத்துக்கப்பட்டுச்சா?"

உறுப்பினர்கள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரித்துத்தான் ஆக வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது அம்சமே சிரிப்புதான். உப்பு பிஸ்கட்டை யாரும் சீண்டவில்லை.

தலைவர் போன மாதம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியிருந்தார். கூட்டங்களைப் பயனுள்ளதாகவும் மகிழ்ச்சியாகவும் கிறிஸ்தவ முறையில் நடத்துவது எப்படி என்ற பயிற்சி. அன்றிலிருந்து கமிட்டியில் யாராலும் நிம்மதியாக முகத்தைச் சுளிக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, என்ன உம்முனு இருக்கீங்க? சந்தோஷமா உக்காருங்க!" என்று அதட்டினார்.

பல் டாக்டரம்மா பல்லைக் காட்டினார்.

மூன்றாவது அம்சம், மணியக்காவை வேலையிலிருந்து நிறுத்துவது. கோயிலுக்குப் பின்னால் அவளும் மகளும் குடியிருக்கும் அறை காலியானால், அதை ஏசி போட்ட கூட்ட அறையாக்கலாம் என்பது தலைவருக்குக் கிடைத்த தரிசனம்.

"இதுவரைக்கும் காரணம் தேடிட்டிருந்தேன். இப்ப அதுவும் கெடைச்சாச்சு. இன்னிக்கு பிஸ்கட், நாளைக்கு நற்கருணைப் பாத்திரம். நீ வெளிய போ, உன் விஷயம்தான் பேசப் போறோம்."

மணியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எட்டுப் பேரையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் டீ போடப் போய்விட்டாள்.

"பாவம் ஐயா, பன்னெண்டு வருஷமா இருக்குது," என்று இழுத்தார் எட்டுப் பேரில் ஒருவரான தையற்காரர். "அந்த ரூமை விட்டா, வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு எங்க போகும்?"

"பாத்தீங்களா, வாக்குவாதம்! கூட்டத்தோட சந்தோஷமே போச்சு. இதுக்குத்தான் புது முறை கத்துட்டு வந்திருக்கேன். எல்லாரும் தலையைக் குனிங்க, கண்ணை மூடுங்க. ஆண்டவர் சமுகத்துல ஓட்டு. யார் எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியாது, யார் மனசும் நோகாது. கண்ணைத் திறந்து எண்ணப் போறது நான் மட்டும்."

எட்டுத் தலைகள் குனிந்தன.

"மணியக்காவை நிறுத்தச் சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"ஸ்தோத்திரம்! ஏழு கை. ஒரே ஒருத்தருக்குத்தான் மனசு வரலை. அது யாருன்னு நான் காட்டிக்குடுக்க மாட்டேன். ஆமென்."

தையற்காரர் எழுந்தேவிட்டார். "ஏழா? ஏழு கையா தூக்கினாங்க?"

"ஜெபத்துல கண்ணைத் திறந்தவன்தான் அப்படிக் கேக்க முடியும். திறந்தீங்களா?"

தையற்காரர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். ஜெபத்தில் கண் திறக்கும் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் காதை இருபது வருடமாகத் திருகிவருபவர் அவர்.

"வேற யாராச்சும் திறந்தீங்களா? தைரியமா சொல்லுங்க, சபையில அறிவிச்சுடலாம்."

தலைவர் தீர்மானப் புத்தகத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம், தலைவரே," என்றார் பல் டாக்டரம்மா. "இப்படிச் சந்தேகத்தோட முடிச்சா சந்தோஷமான கூட்டம்னு எப்படி எழுதுறது? உங்க முறையிலயே தீத்துடலாம். திரும்பக் கண்ணை மூடுவோம். போன ஜெபத்துல கண்ணைத் திறந்து கையை எண்ணிப் பாத்தவங்க, அந்த ஏழு பொய்னு நெனைக்கிறவங்க, கை தூக்கட்டும். யார் மனசும் நோகாது."

தலைவர் முகம் மலர்ந்தது. "பேஷா! நானே எண்ணுறேன்."

"அதெப்படி? இது பாவ அறிக்கை. உங்களுக்கு மட்டும் விலக்கா? நீங்களும்தான் தலை குனியணும். கமிட்டியில இல்லாத ஆள் எண்ணட்டும்." வாசல் பக்கம் திரும்பி, "மணியக்கா, டீ அப்புறம் ஆகட்டும். இங்க வந்து நில்லுங்க," என்றார்.

"இவளா? பிஸ்கட் திருடியா எண்ணுறது?"

"சந்தோஷமா, தலைவரே, சந்தோஷமா!"

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார். ஒன்பது தலைகள் குனிந்தன. பதினெட்டுக் கண்களும் மூடின. இந்த முறை நிஜமாகவே மூடின. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. வளையல் ஒன்று சரிந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ம், எத்தனை கை?" கண்ணைத் திறக்காமலே உறுமினார் தலைவர்.

மணியக்கா நிதானமாக இரண்டு தடவை எண்ணினாள்.

"எட்டுங்க ஐயா. கிரீம் பிஸ்கட் எடுத்த அதே எட்டு கைங்க."