மெஷின் விழுந்த மத்தியானம்

“உங்க லிஸ்டிங்கை ரெண்டு மூணு நாளைக்குத் தாரீங்களா, சார்?” என்று கேட்டாள் சகாயராணி.

சந்திரமௌலிக்கு உள்ளே எரிந்தது. எட்டு மாதம் உழைத்து அவன் எழுதிய மழைக்கணக்கு ப்ரோக்ராமின் அச்சுப்பிரதி அது. பார்த்துக் காப்பியடிக்கத்தான் கேட்கிறாள்.

“அதான் பாழாப் போயிடுத்தே. எடுத்துண்டு போங்கோ” என்று மேஜைமேல் போட்டான்.

1968. செம்பூரில் அந்தக் கம்ப்யூட்டர் நிலையத்தில் புதிய சிஸ்டம் ஒன்று வெள்ளோட்டத்தில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மெஷின் விழும், அதாவது ஓட்டம் அப்படியே நின்றுவிடும். அந்த நேரம் எந்த பைலில் எழுதிக்கொண்டிருந்ததோ அது குப்பையாகிவிடும். போன வாரம் சந்திரமௌலியின் பைல் அப்படித்தான் போயிற்று. தாராவியிலிருந்து பஸ்ஸில் வருகிற சகாயராணியின் பைலுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் யார் யார் வேலையை முடிக்கிறார்களோ அவர்களை டெல்லி மாநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார் தலைவர் வானமாமலை. அவனைவிட மூன்று வருஷம் ஜூனியர் அவள். அவள் மேடையேறுவதை நினைத்தால் மாட்டுங்கா வீட்டில் அவனுக்குச் சாதம் இறங்கவில்லை.

வியாழன் மத்தியானம் மெஷின் ரூம் கண்ணாடி வழியே பார்த்தான். தான் கொடுத்த கார்டுகள் ஓடுவதைக் கவனித்தபடி நின்றிருந்தாள் சகாயராணி. கையில் அவனுடைய லிஸ்டிங். ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில் குறி.

எந்த வேலையைக் கொடுத்தால் சிஸ்டம் படுத்துவிடும் என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும். அந்தக் கார்டுக் கட்டைத் தேடி எடுத்து ஆபரேட்டர் ஷிண்டேயிடம் நீட்டினான்.

“அர்ஜன்ட் ஹை க்யா?”

“ஹாங், அர்ஜன்ட்.”

இரண்டே நிமிஷம். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்குகள் அப்படியே நின்றன. பிரிண்டர் ஓய்ந்தது. “ஃபிர் பந்த் ஹோ கயா”, மறுபடி நின்றுபோச்சு என்று நெற்றியில் தட்டிக்கொண்டார் ஷிண்டே.

சகாயராணி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சந்திரமௌலி பக்கத்தில் போய் நின்றான். குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டான்.

“உங்க பைலும் போயிடுத்தா?”

“என்னோடது திங்கக்கிழமையே முடிச்சு டேப்புல பத்திரமா ஏத்தியாச்சு, சார். இது உங்களோடது, லிஸ்டிங்கைப் பாத்துத் திரும்ப ஏத்துனது. இன்னும் நாப்பது வரி சரிபண்றதுதான் பாக்கி இருந்துச்சு.”