வேவு வண்டி

“அம்மா, இரும்புக்கடைக்காரரு வந்திருக்காருங்க!”

வாசலிலிருந்து மகள் பூஜிதா குரல் கொடுத்ததும் வெங்கடம்மாள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தாள். காரமடைக்குப் போயிருக்கும் கணவர் நரசிம்மலு திரும்பி வருவதற்குள் அந்தச் சனியன் வீட்டைவிட்டு ஒழிய வேண்டும். அதற்காகத்தான் காலையில் பூத்துக்குப் போய் உக்கடம் இஸ்மத் பாய் கடைக்குப் போன் போட்டிருந்தாள்.

சனியன் முன்வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பட்டாளத்துக்கு முன்னால் போய் வேவு பார்த்து வந்த கவச வண்டியாம். வயதாகி ஏலத்துக்கு வந்ததும் நரசிம்மலு எடுத்து வந்துவிட்டார். ஊரில் ஆம்பிளைகள் ஏலத்தில் நிலம் எடுப்பார்கள், லாரி எடுப்பார்கள். இந்த மகராசன் யுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார்!

வந்தவர் வெள்ளை வேட்டி சட்டையில் பளிச்சென்று இருந்தார். பழைய இரும்பில் இத்தனை காசா என்று வெங்கடம்மாள் வியந்துகொண்டாள்.

“வாங்க, வாங்க. இதுதானுங்க அந்தக் கருமம். லாரி எங்கீங்க?”

வந்தவர் ஒரு கணம் விழித்தார். குரல் கொடுத்த கையோடு பூஜிதா வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் கால்களைப் பார்த்தபடியே சொன்னார்.

“லாரி பின்னால வருதுங்க. மொதல்ல பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்.”

“இதுல பாக்க என்னங்க இருக்குது? சும்மாவே தாரேன். இன்னைக்கே வெட்டி அள்ளிட்டுப் போயிருங்க.”

“அத்தனை அவசரமுங்களா?”

“பின்ன? பொண்ணுக்குச் சோமனூர்ல ஒரு எடம் வந்திருக்குது. தறி வெச்சிருக்கற குடும்பம். ஜாதகமும் பொருந்திப்போச்சு. ஆள் தெரியாம வந்து விசாரிப்பாங்கன்னு புரோக்கர் சொல்லிப்போட்டாரு. வர்றவங்க கண்ணுல மொதல்ல இது பட்டா வெளங்குமுங்களா? இதுக்கு முன்னால வந்த எடமெல்லாம் தட்டிப்போச்சு. இதும் போச்சுன்னா நான் எந்தச் செவுத்துல போயி முட்டிக்கறது?”

“நாயந்தானுங்க. வண்டி ஓடுமுங்களா?”

“வந்தப்ப பொணமாட்டந்தான் கெடந்துச்சு. இவதான் நோண்டி நோண்டி உசுரு குடுத்துப்போட்டா.”

“யாரு, பொண்ணுங்களா?”

“அவளேதான்! டிப்ளமோ படிக்க வெச்சது இந்தக் கூத்துக்குத்தான். புரோக்கர்கிட்டப் பாட்டுக் கத்துக்கறான்னு சொல்லி வெச்சிருக்கறோம். இவ பாடற பாட்டெல்லாம் இதுக்கு அடியிலதானுங்க.”

நாள்பட்ட எரிச்சல் அவளுக்கு. சொந்தபந்தத்திடம் சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இரும்புக்கடைக்காரரிடம் சொன்னால் என்ன? காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“காப்பி அம்மணி போட்டதுங்களா?” என்றார் வந்தவர்.

“அவ போட்டா உங்களால குடிக்க முடியுமாக்கும்! கிரீஸ் வாசமல்ல அடிக்கும்.”

“கோவம் கீவம் வருமுங்களா?”

“அதையேன் கேக்கறீங்க! போன மாசம் பொண்ணு பாக்க வந்தவன் இந்த வண்டியப் பாத்துச் சிரிச்சுப்போட்டான். அவனையே பின்னால நின்னு தள்ள வெச்சுட்டாளுங்க. பட்டு வேட்டியோட!”

வந்தவருக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டார்.

“அவங்கப்பா கண்டிக்கறதில்லீங்களா?”

“அவரா? இவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற வேலையில இருக்காருங்க. சம்பளம் ஒண்ணுதான் பேசல!”

வந்தவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “அப்ப நான் வாரேனுங்க.”

“ஏனுங்க, வண்டி?”

“ஆளுங்க வருவாங்க” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கியவர், கிட்டத்தட்ட ஓட்டமாகவே போய்விட்டார். எல்லாம் பேசிவிட்ட திருப்தியில் வெங்கடம்மாளுக்கு மனசு லேசாகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கைலி கட்டிய ஒருவர் குதித்து இறங்கினார்.

“நான்தானுங்கம்மா இஸ்மத். வர்ற வழியில டயர் பஞ்சர் ஆயிப்போச்சு. வண்டி இதுதானுங்களா?”

வெங்கடம்மாள் பாதிக் காப்பியோடு இருந்த டம்ளரைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப இத்தன நேரம் காப்பி குடிச்சுட்டுப் போனது யாரு?”

தெருமுனைக்கு ஓடிப் பார்த்தாள். வெள்ளை வேட்டி சோமனூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, என் வாயாலயே எல்லாத்தையும் கெடுத்துப்போட்டனே! இனி அந்தப் பக்கம் எந்த மூஞ்சியோட போவேன்?”

பூஜிதா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்.

“மாப்பிள்ளையோட தாய்மாமன்மா அவரு. படியேறி வந்தப்பவே தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேயா என்னை இப்படிப் பேச விட்டே? உனக்கெப்படிடீ அவரத் தெரியும்?”

“போன வாரமே சோமனூர் போயி, அவங்க ஊட்டுக்கு எதுத்த பஸ் ஸ்டாப்புல நின்னு எல்லாரையும் பாத்து, யாரு என்னன்னு விசாரிச்சுட்டு வந்துட்டேன். அந்த மாப்பிள்ளை, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகலைன்னு கோவத்துல அதப் போட்டு எட்டி எட்டி ஒதைக்கறாரும்மா. நாளைக்கு நான் முடியாமப் படுத்துட்டா?”